கேம்பர் வேனில் பிச்சாவரம்: கூட்டம் வருமுன் படகேற ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சிதம்பரம் பக்கத்து அலையாத்திக் காடான பிச்சாவரத்தின் படகுத்துறைக்குப் போனால் ஒருபக்கம் சுற்றுலா பஸ்கள், இன்னொரு பக்கம் டிக்கெட் வரிசை. படகேறி உள்ளே போனாலும் முன்னால் ஒரு படகு, பின்னால் ஒரு படகு, நடுவில் யாரோ ஸ்பீக்கரில் போடும் பாட்டு. அதே வாய்க்காலில் காலை முதல் படகில் போகிறவருக்குத் துடுப்புச் சத்தமும் கொக்குச் சத்தமும்தான் கேட்கும்.

முதல் படகைப் பிடிக்கப் புதுச்சேரியிலிருந்து விடியற்காலை ஐந்துக்கே கிளம்ப வேண்டும். குழந்தைகளோடு அது நடக்காது. கேம்பர் வேன், அதாவது உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி, உதவுவது இங்கேதான்: முந்தைய இரவே சிதம்பரம் வரை போய்த் தூங்கி எழுந்துவிடலாம். காட்டுக்குள்ளே கூடாரம் போட்டதுபோல் தூங்கலாம் என்ற நினைப்பில் வேன் எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். அதற்கு இங்கே அனுமதி இல்லை.

1. முதலில் நாளைப் பாருங்கள், பிறகு வேனைப் பாருங்கள்

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் இன்னும் நல்லது: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகள் கிளம்பியிருக்காது, வெயில் ஏறியிருக்காது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை கடலூர் மாவட்டத்தை நம்பித் தேதி குறிக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்தால் புதுச்சேரி–கடலூர் சாலையே அடைபடும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் அடைபட்டதுபோல.

தவிர்க்க வேண்டியவை: ஞாயிறு, காணும் பொங்கல், ஆயுத பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, மே மாதம். இவை எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் கோட்டை விடுவது கீழே உள்ள மூன்றில்:

மாசி மகம். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு வருகிறார். பிச்சாவரம் சாலை கிள்ளை வழியாகத்தான் போகிறது. அன்று கிள்ளையில் ஏழு மீட்டர் வேனைத் திருப்பக்கூட இடமிருக்காது. புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் அதே நாளில் தீர்த்தவாரி உண்டு. ஆக, வழி நெடுகக் கூட்டம்.

ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம். நடராஜர் தேர் ஓடும் நாட்களில் சிதம்பரத்தில் லாட்ஜும் கிடைக்காது, நிறுத்த இடமும் கிடைக்காது.

ஆகஸ்ட் 16, நவம்பர் 1. தமிழ்நாட்டு நாட்காட்டியில் இவை விடுமுறை இல்லை. புதுச்சேரியில் உண்டு. அதிலும் ஆகஸ்ட் 15, 16 இரண்டும் சேர்ந்து வார இறுதியை ஒட்டி வந்தால் பாதிப் புதுச்சேரி தெற்கே கிளம்பிவிடும்.

2. வண்டியின் காகிதங்கள்

வாடகைக்கு எடுப்பதானால் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு வேனை “நம்ம சொந்த வண்டிதான், யாராவது கேட்டா சொந்தக்காரர்னு சொல்லிடுங்க” என்று வாடகைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. விலை குறைவாக இருக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும், அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, உரிமம். வாடகை வண்டியானால் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) பர்மிட்டும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டினாலும் செல்லும். ஆனால் வாடகை வண்டியின் காகிதம் உங்கள் செல்போனில் இருக்காது, உரிமையாளரின் போனில் இருக்கும். அதனால் நகல் கேட்டு வாங்கி, எஃப்.சி. முடியும் தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண இலகுரக வாகன உரிமம் போதுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் போதும், மஞ்சள் போர்டாக இருந்தாலும். உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. டிராவலர், விங்கர், ஈக்கோ எல்லாம் இந்த வரம்புக்குள் வருபவை.

சொந்த ஈக்கோவையோ பழைய ஆம்னியையோ கேம்பராக மாற்றப் பார்க்கிறீர்களா? இருக்கையைக் கழற்றிக் கட்டிலை போல்ட் போட்டு இறுக்கினால் அது வண்டியின் அமைப்பையே மாற்றியதாகும். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் செய்தால் அபராதம் ஒருபக்கம், இன்சூரன்ஸ் சிக்கல் ஒருபக்கம். வருடத்துக்கு நாலு பயணம் போகிறவர்கள் இருக்கையைத் தொடவே வேண்டாம். பின் இருக்கையை மடித்து, அதன்மேல் ஏற்றி இறக்கும் இரண்டு பிளைவுட் பலகையும் மடக்கு மெத்தையும் போட்டால் போதும். அது வண்டியின் பாகமில்லை, வெறும் சாமான்.

3. எல்லை

புதுச்சேரியிலிருந்து போனால் முள்ளோடையைத் தாண்டித் தென்பெண்ணைப் பாலம், அடுத்து ஆல்பேட்டை சோதனைச்சாவடி. அங்கே இரண்டு விஷயம் பார்ப்பார்கள்.

ஒன்று சரக்கு. புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம், பாட்டில் போவதோடு வண்டியும் பறிமுதலாகலாம். காரில் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு விடுவார்கள். கேம்பர் வேனிலோ அலமாரி, கட்டிலடிப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி என்று ஒளிக்க ஆயிரம் இடம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றும், ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார்கள். முந்தைய வாடகைக்காரர் விட்டுப்போன பாதி பாட்டில் சிங்க்குக்கு அடியில் கிடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வேனைக் கையில் வாங்கும்போதே எல்லாப் பெட்டியையும் திறந்து பாருங்கள், வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த கீறல்களுக்கும் அது சாட்சியாகும்.

இன்னொன்று வரி. பி.ஒய். (புதுச்சேரி) பதிவுள்ள வாடகை வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தமிழ்நாட்டுக்கான தற்காலிக வரியைப் பரிவாகன் தளத்தின் செக்போஸ்ட் பக்கத்தில் கட்டி ரசீது எடுக்க வேண்டும். அதைக் கட்டுவது யார் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி முடியுங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியில் இரண்டு நாள் போய் வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை.

டீசலைப் புதுச்சேரியிலேயே நிரப்புங்கள். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. மெல்லிய பிளாஸ்டிக் பைகளை மட்டும் வீட்டிலேயே விடுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு.

4. உள்ளே: கேஸ், கரண்ட், தண்ணீர்

கேஸிலிருந்து ஆரம்பிப்போம், உயிர் போகிற விஷயம் அது. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டினால் 5 கிலோ சிலிண்டர் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். இருவருக்கு இரண்டு நாளுக்கு அதுவே ஏராளம். நிமிர்த்தி வைத்து பெல்ட்டால் கட்டுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளிக்காற்றுக்கு ஒரு துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மேலே ஜன்னல் இருப்பது இதற்கு உதவாது.

ரெகுலேட்டர் மாட்டியதும் சோப்புநீரைத் தொட்டு டியூபின் இரு முனையிலும் தடவுங்கள். குமிழி சிறிதாக, மெதுவாக வந்தாலும் கசிவுதான். வண்டி குலுங்கக் குலுங்கக் கிளிப் தளரும். எனவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுப்பு பற்றவைக்கும் முன் இந்தச் சோதனை.

தூங்கும்போது எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடக் கூடாது. ஏ.சி.க்காக ஓட்டலாம் என்று டிரைவரே சொன்னாலும் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனில் தூங்கிய இருவர் இறந்தது ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடால். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது.

கரண்டுக்குக் கணக்கு போடுங்கள். 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 1,280 வாட்-மணி தரும். 30 வாட் ஃபேன் ஒன்பது மணி நேரம் ஓடினால் 270. சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 500 முதல் 600 இழுக்கும். விளக்கும் செல்போன் சார்ஜும் சேர்ந்து 80. இரண்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் என்றால் ஒரு நாளோடு பேட்டரி தீர்ந்தது. ஃபிரிட்ஜுக்குப் பதில் ஐஸ் பெட்டி வைத்தால் இரண்டு இரவு ஓடும். ஒரு டன் ஏ.சி. இதே பேட்டரியை ஒரு மணி நேரத்தில் காலி செய்யும். கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயிலில் ஒரு நாளுக்கு 800 வரை திரும்ப வரும், மப்பு நாளில் பாதிகூட வராது. வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைக் கட்டிலுக்கடியில் தள்ளும் யோசனை பலருக்கு வரும். அதில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஆசிட்டும் சிந்தும். வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்: குடிக்க 20 லிட்டர் கேன் ஒன்று, புழங்க 60 லிட்டர். இரண்டு பேருக்கு இரண்டு நாள் வரும். கடலூரிலோ சிதம்பரத்திலோ பிடித்துக்கொண்டு போங்கள், கடலோரத்துக்கு நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தனிக் கேனில் பிடியுங்கள், வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கையடக்கக் கழிப்பறையின் தொட்டியை லாட்ஜ் கழிவறையில் கேட்டு ஊற்றலாம், வயலோரத்தில் கொட்டுவது அசிங்கம் மட்டுமில்லை, ஊர்க்காரர் கையில் அகப்பட்டால் பேச்சுக்கு இடமிருக்காது.

கொசு வலை ஜன்னலுக்கும் வேண்டும், பக்கக் கதவுக்கும் வேண்டும். மாலை ஆறு முதல் ஏழரை வரை கதவை மூடியே வைத்தால் இரவு பிழைக்கும்.

5. சாலை

புதுச்சேரியிலிருந்து பிச்சாவரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஊரைவிட்டு வெளியே வருவதுதான் பெரும்பாடு. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட், முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் என்று ஒவ்வொன்றும் பத்துப் பத்து நிமிடம் தின்னும். வார இறுதியில் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுக் குழாம் வாசலிலும் நிற்க வேண்டிவரும். வாரநாளில் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்புங்கள், பள்ளி விடும் நேரத்துக்குள் எல்லையைத் தாண்டிவிடலாம். கடற்கரைச் சாலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று பெரிய வேனோடு வெள்ளை நகரத்துக்குள் நுழையாதீர்கள். மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டிக்கே அனுமதியில்லை.

கடலூருக்குத் தெற்கே நான்குவழிச் சாலை. ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கட்டும். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரமும் நெல் டிராக்டரும் குறுக்கே வரும். கிளைச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கருங்கல் அடுக்கியிருப்பார்கள். இருட்டில் நெல்லும் தெரியாது, கல்லும் தெரியாது. கிள்ளைச் சாலையில் இரவில் ஓட்ட வேண்டாம் என்பதற்கு இதுவே போதும். விடிகாலைப் பனிமூட்டம் வேறு இருக்கும்.

6. இரவு எங்கே நிறுத்துவது

சிதம்பரத்தில். பிச்சாவரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், காலையில் அரை மணி.

சிறந்த வழி, உள்வளாகத்தில் பார்க்கிங் உள்ள லாட்ஜில் மலிவான ஒரு அறை எடுத்து, வேனை அங்கேயே நிறுத்துவது. குளியல், கழிவறை, பிளக் பாயின்ட் எல்லாம் கிடைத்துவிடும். பாதிப் பேர் வேனிலும் பாதிப் பேர் அறையிலும் தூங்கலாம். அறை எடுக்கும் முன் நுழைவாயில் வளைவின் உயரத்தைக் கேளுங்கள். உயரக் கூரை டிராவலர் இரண்டரை மீட்டருக்கு மேல், கூரையில் சோலார் இருந்தால் இன்னும் கூடுதல். “பெரிய வண்டியெல்லாம் வரும் சார்” என்ற பதிலை நம்பாதீர்கள், இறங்கிப் போய்ப் பாருங்கள்.

அடுத்த வழி, நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் பெரிய பங்க். மேலாளரிடம் கேட்டு, டீசல் போட்டு, ஓரமாக நிறுத்தலாம். லாரி எஞ்சின் சத்தத்தில் தூக்கம் அரைகுறைதான்.

கூடாத இடங்கள்: பிச்சாவரம் காப்புக்காடு, எனவே உள்ளே இரவு தங்க முடியாது. கடற்கரை மணலில் நிறுத்தினால் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசார் வந்து விசாரிப்பார்கள், அது அவர்கள் வேலை. விசாரணையைவிடப் பெரிய தொல்லை அந்தத் தரை. கழிமுக ஓரத்து மண் மேலே காய்ந்து வெடித்து, கெட்டியாகத் தெரியும். விரற்கடை கனத்துக்குக் கீழே கறுப்புச் சேறு. இரண்டரை டன் வேன் ஏறியதும் பின் சக்கரம் அச்சு வரை இறங்கும், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். டிராக்டர் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். குழி விழுந்து ஈரம் கசிந்தால் அங்கே சக்கரம் வைக்காதீர்கள்.

7. முதல் படகு

பெரும்பாலானோர் காலையில் நடராஜர் கோயில், பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தியதும் பிச்சாவரம் என்று திட்டம் போடுகிறார்கள். புதுச்சேரி பஸ்களோ பத்து, பத்தரைக்கே பிச்சாவரம் வந்துவிடும். இரண்டும் சேர்ந்து பதினொன்று முதல் மூன்று வரை நெரிசல். நீங்கள் வரிசையைத் திருப்புங்கள்: முதல்நாள் மாலை நடை திறந்ததும் கோயில், மறுநாள் காலை காடு.

காலை ஆறரைக்கு இட்லியோடு சிதம்பரம் கொத்சு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், கவுண்டர் திறக்க அரை மணி முன்பே போய்விடலாம். வேனை வெளியே போகும் திசையில் முகம் வைத்து நிறுத்துங்கள். பின்னால் பஸ் வந்து நின்றுவிட்டால் மதியம் வரை மாட்டிக்கொள்வீர்கள்.

படகுக் குழாம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. துடுப்புப் படகு எடுங்கள், மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும். கிளைகள் தலைக்குமேல் பின்னிக் குகைபோல் இருக்கும் குறுகல் வாய்க்கால்களுக்குத் துடுப்புப் படகு மட்டுமே போகும். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்தச் சுற்று என்பதைக் கவுண்டர் பலகையில் படியுங்கள். குறுகல் வாய்க்காலுக்குக் கூட்டிப்போக ஓட்டுபவர் தனியாகக் கேட்டால், தொகையைக் கரையிலேயே பேசி முடியுங்கள், நடுவாய்க்காலில் பேரம் சரிப்படாது. சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்த்துப் போனால் இன்னும் நல்லது. நீர் ஏறியிருக்கும்போது குறுகல் வாய்க்கால்களுக்குள் எளிதாக நுழையலாம். வற்றியிருக்கும்போது சுரபுன்னையின் தாங்குவேர்கள் முழுதாகத் தெரியும், சேற்றில் பறவைகள் மேயும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும்.

குடை வேண்டாம், கிளையில் மாட்டும், தொப்பி போதும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி எல்லாம் மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கை நீட்டி இலை பறிக்காதீர்கள். இங்கே தில்லை மரம் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அதனால்தான். காம்பை ஒடித்தால் பால் வரும். தோலில் பட்டால் எரிந்து கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளுக்கு இதை ஏறுமுன் சொல்லிவிடுங்கள்.

8. அப்படியும் கூட்டம் இருந்தால்

விடுமுறை நாள்தான் கிடைத்தது, போய்ப் பார்த்தால் வரிசை சாலை வரை நிற்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். பரங்கிப்பேட்டைக்குப் போய் வெள்ளாற்றுக் கழிமுகத்தைப் பாருங்கள். புதுச்சத்திரம் பக்கம் சாமியார்பேட்டைக் கடற்கரை, கடலூர் சில்வர் பீச்சைவிட அமைதி. வேனைத் தார்ச்சாலையிலேயே விட்டு நடந்து போங்கள். பறவைதான் குறி என்றால் குளிர்காலத்தில் வீராணம் ஏரி, லால்பேட்டைப் பக்கம். கரைச் சாலை குறுகல், எதிரே கரும்பு லாரி வந்தால் ஒதுங்க இடம் தேடணும், பெரிய வேனைக் கரையில் ஏற்றாமலிருப்பது நல்லது. இவ்வளவு தூரமே வேண்டாம் என்பவருக்குப் புதுச்சேரி ஊசுட்டேரி இருக்கிறது.

9. செலவு

டீசல்: சுற்றுவழி சேர்த்து 230 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 23 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 2,070 ரூபாய். மற்றதெல்லாம் வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இவற்றைக் கேட்டு, வாட்ஸப்பில் எழுத்தாக வாங்குங்கள்: ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவில் மாறுமா? எத்தனை கிலோமீட்டர் வரை வாடகைக்குள், அதற்குமேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு? டிரைவர் பேட்டா, அவருக்கு இரவுத் தங்கல் யார் பொறுப்பு? டிரைவர் எங்கே தூங்குவார் என்பதை யாரும் யோசிப்பதில்லை. லாட்ஜில் அறை எடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். டோல், பர்மிட் வரி யாருடையது? அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்? புயலால் ரத்தானால் தேதி மாற்றலாமா?

10. திரும்பியதும்

வேனைக் கொடுக்கும் முன் கழிவுத் தொட்டியைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் சுத்தம் செய்யும் கூலி அட்வான்ஸில் கழியும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு டியூபில் மிச்சமிருப்பதை எரித்து முடியுங்கள். சொந்த வண்டியானால் அன்றே வாட்டர் சர்வீஸில் விட்டு, அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். உப்புச் சேறு ஒரு வாரம் ஒட்டியிருந்தால் ஹேண்ட்பிரேக் கேபிளில்தான் முதலில் துரு பிடிக்கும்.